அஞ்சலாட்சி பேசிய வீடியோ

பாப்பா,

நீ கேட்டது என்னால் முடியாது. அடுத்த வாரம் அந்த மடகாஸ்கர் கிராமத்தில் உன் முதல் கூட்டம் நடக்கும்போது, அந்தப் பயிற்சி வீடியோவில் பேசும் அஞ்சலாட்சியை வீடியோ காலில் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொன்னாய். "அந்த அக்காவ எப்படியாச்சும் புடிச்சிட்டு வாம்மா. ரெண்டு வார்த்தை பேசினா போதும். இங்க இருக்கிற பொம்பளைங்களுக்கு எவ்ளோ தைரியம் வரும் தெரியுமா?" என்றாய். அஞ்சலாட்சி செத்துப்போய்விட்டாள். நீ பயிற்சி வகுப்பில் பார்த்த அந்த வீடியோ நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்தது, எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் போய்விட்டாள். போனில் நீ குதித்துக்கொண்டிருந்தாய், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. 'பாக்கறேன்' என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போதும் பேசினால் நடுவில் நீ 'அம்மா, அம்மா' என்று குறுக்கே வருவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் துண்டு துண்டாகப் படிக்காதே, உட்கார்ந்து படி.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இந்த வேலைக்குப் போனதற்கு நானும் ஒரு காரணம். நீ பள்ளிக்கூடம் படித்தபோது நான் உன்னை அனுப்பியிருக்கும் இதே அமைப்பின் வில்லியனூர் ஆபீஸில்தான் இருந்தேன். மூலக்குளத்து வீட்டில் உனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு, பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ் ஏறுவேன். சாயந்திரம் வந்ததும் 'இன்னிக்கி எந்த ஊரும்மா?' என்று கேட்பாய். நல்ல கதையாகப் பார்த்துச் சொல்வேன். இந்த ஊரில் பெண்கள் சேர்ந்து சாராயக்கடையை இடம் மாற்ற வைத்தார்கள், அந்த ஊரில் ஒருத்தி தையல் மெஷின் போட்டு நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறாள் என்று. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பிரெஞ்சு படித்துவிட்டு, கிராமத்துப் பெண்களுக்கு எம்பவர்மென்ட் கொடுக்கிறேன் என்று கடல் தாண்டிப் போய் நிற்கிறது. "சம்பளம் இல்லாத வேலைக்கு ஃப்ளைட்டு புடிச்சிப் போன ஒரே ஆளு எங்க வூட்லதான் கீது" என்று உன் அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அலுத்துக்கொள்வதுபோல் பெருமைப்படுகிறார். அங்கே வகுப்பில் தென்னிந்தியக் கிராமம் என்று ஒரு வீடியோ போட்டார்கள், அதில் மஞ்சள் புடவையில் நான் உட்கார்ந்திருந்தேன், நீ எழுந்து நின்று 'எங்க அம்மா, எங்க அம்மா' என்று கத்தினாயாம். உன் இடத்தில் இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நம் பக்கத்தில் புருஷனிடம் அடிபட்டவள் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. கூட்டத்தில் எழுந்து பேச மாட்டாள். போலீஸுக்கும் போக மாட்டாள். ஒரு பையில் புடவையைத் திணித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் ஊர் பார்க்க அம்மா வீட்டுக்கு நடப்பாள். வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், கையில் பையைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். கொஞ்ச நாள் கழித்து அவன் வீட்டுப் பெரியவர்கள் தேடி வருவார்கள். இவள் வீட்டில் முகம் கொடுக்க மாட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். 'இனிமே கை வைக்க மாட்டான், நான் ஜவாப்தாரி' என்று யாராவது ஒருவர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார். நீயே என் இடுப்பில் அப்படி ஒரு பயணம் வந்திருக்கிறாய், கைக்குழந்தை, உனக்கு எப்படித் தெரியும். உன் அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். காரணம் எனக்கே மறந்துவிட்டது, அறை மறக்கவில்லை. பாகூரில் என் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் அண்ணனோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் அப்பா அவரை 'உட்கார்' என்று சொல்லவே இல்லை. மனிதர் வெயிலில் பழத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். அதற்குப் பிறகு அவர் என்மேல் கை ஓங்கியதில்லை. இதெல்லாம் பெரிய நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. திரும்பிப் போய் மறுபடியும் அடி வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனாலும் ஓடிப் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, அதற்கு அடிக்கிறவனும் கொஞ்சம் பயந்தான்.

அஞ்சலாட்சிக்கு அந்த வாசல் இல்லை. குருவிநத்தத்தில் அவளைச் சொந்தத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழுமலை என்று பெயர், அவள் அம்மா காசியம்மாவின் தம்பி. அம்மா வீடு தெருவின் இந்தக் கோடி, புருஷன் வீடு அந்தக் கோடி. நல்ல நாளில் இது எவ்வளவு வசதி என்று ஊரே சொல்லும். பெண் கண்ணெதிரில் இருக்கிறாள், நிலம் வெளியே போகவில்லை, தம்பிக்கும் ஆச்சு, மகளுக்கும் ஆச்சு. ஆனால் அவன் அடித்தால் இவள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? யார் யாரைத் தேடி வந்து சமாதானம் பேசுவது? அவன் தலை குனிந்து நிற்க வேண்டிய வாசல் அவன் அக்காவின் வாசல். அந்த அக்கா அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அடி விழுந்தால் அஞ்சலாட்சி அம்மா வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுவாள், அம்மாவும் மகளும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள், சாயந்திரம் திரும்பிப் போவாள். அந்த மௌனம் ஒன்றுதான் அவளுக்கு இருந்த இடம்.

அந்தச் சமயத்தில் எலின் வந்தாள். உன்னை மாதிரித்தான், உன் வயதுதான், தன் நாட்டை விட்டுவிட்டு நல்லது செய்ய எங்கள் ஆபீஸுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கீழே சம்மணம் போட்டு உட்காரத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள், பெண்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நல்லவாடு மீனவர் குப்பத்துப் பெண்கள் மீன் குழம்பு கொடுத்தால் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டு முடிப்பாள். அவள் பேசுவதை நான் தமிழில் சொல்வேன், இவர்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்வேன். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், மனசில் இருப்பதை வெளியே சொல்ல வேண்டும், ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் கைதட்டி அவளைத் தாங்க வேண்டும். அது அவள் கற்றுக்கொண்டு வந்த முறை. எங்கள் ஆபீஸின் முறை என்னவென்றால் தெருவுக்கு ஒரு குழு. ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களாக இருந்தால் குழு உடையாது என்று அப்படி வைத்திருந்தோம். இரண்டு முறையும் தனித்தனியாக நல்ல முறைதான். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நம் ஊரில் ஒரு தெரு என்றால் மாமியார், மருமகள், நாத்தனார், ஓரகத்தி. அந்த வட்டத்தில் எலினுக்குத் தெரிந்தது பெண்கள். எனக்குத் தெரிந்தது யாருக்கு யார் என்ன உறவு என்பது. தெரிந்தும் நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை.

குருவிநத்தத்துப் பாலவாடியில்தான் கூட்டம், எலின் ஓரமாகத் தன் கேமராவை ஓடவிட்டிருந்தாள். எலின் கேட்டாள், உங்களில் யாருக்காவது வீட்டில் அடி விழுகிறதா, இது பாதுகாப்பான இடம், பயப்படாமல் சொல்லலாம் என்று. பாதுகாப்பான இடம் என்பதை நான் தமிழில் அழகாகச் சொன்னேன். "இங்க சொன்னது இங்கியே இருக்கும், நாம எல்லாரும் ஒண்ணு" என்றேன். அஞ்சலாட்சி எலினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மடியில் அவள் மகள் நிவேதா, அப்போதுதான் நடக்க ஆரம்பித்த குழந்தை. "நேத்தும் அடிச்சிச்சி மாமா. புள்ள பால் கேட்டு அழுதுதுன்னு அடிச்சிச்சி. எத்தினி நாளிக்கி டீச்சர், இனிமே நான் வாங்கிக்கினு இருக்க மாட்டேன்" என்றாள். கத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் எலின் கண் கலங்கிக் கைதட்டினாள். நான் தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்த காசியம்மாவும் தட்டினாள். ஊர் தட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க யாருக்குத் தோன்றும்? அஞ்சலாட்சி வெட்கப்பட்டுச் சிரித்தாள். உங்கள் வீடியோ அங்கே முடிகிறதாம்.

மிச்சத்தை நான் சொல்கிறேன். கூட்டம் கலைந்து நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் ஏழுமலையின் காதுக்கு விஷயம் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒருத்தி தன் வீட்டில் சொன்னாள், அந்த வீட்டுக்காரன் இவனுக்குப் பங்காளி. 'உன் பொண்டாட்டி வெள்ளக்காரிகிட்ட உன்ன பத்திச் சொல்லிச்சாமே, வீடியோ புடிச்சிக்கினு போனாங்களாமே' என்று கரும்பு வெட்டும் இடத்தில் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். அந்த வாரமே எலினின் காலம் முடிந்தது. மாலை போட்டு அனுப்பினோம், அழுதுகொண்டே போனாள். அதற்குப் பிறகு நான் குருவிநத்தம் போனபோது அஞ்சலாட்சி கூட்டத்துக்கு வரவில்லை. 'உடம்பு சரியில்ல' என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

ஒரு நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதைப்போல் கையில் பையோடு, அந்தத் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்திருக்கிறாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காசியம்மா கதவுக்கு வெளியே வந்து, குழந்தையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, "எந் தம்பிய ஊரு சிரிக்க வச்சிட்டியேடி. எந்த மூஞ்சிய வச்சிக்கினு இங்க வந்த? போய் அவன் கால்ல வுழு" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். மறுநாள் காலையில் மோட்டார் கொட்டகைக் கிணற்றில் அவளை எடுத்தார்கள். அவளாக விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது பாப்பா, இன்றுவரை தெரியாது. போலீஸ் வந்து கேட்டது. கால் தவறி விழுந்துவிட்டாள் என்று தெருவே ஒரே வார்த்தையாகச் சொன்னது. வட்டமாக உட்கார்ந்து கைதட்டிய அதே பெண்கள்தான் சொன்னார்கள். அவர்களையும் என்ன சொல்வது? நாளைக்கும் அதே தெருவில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள். ஏழுமலை வருஷம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

ஆபீஸில் சொன்னேன். வருத்தப்பட்டார்கள். எலினுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன், 'அந்தப் பொண்ணுக்கு எதுக்கு இந்தப் பாரம், நல்ல மனசோட போயிருக்கு' என்றார்கள். எனக்கு அது அப்போது கருணை மாதிரி இருந்தது. சொல்லியிருந்தால் அவள் அந்த வீடியோவை அழித்திருப்பாள். சொல்லாததால் அது நாடு நாடாகப் போய், கிராமத்துப் பெண் தைரியம் பெற்ற கதை என்று ஓடி, கடைசியில் என் பெண் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நான் வேலையை விட்டதற்கு முதுகுவலி காரணம் என்று உன்னிடம் சொன்னேன். முதுகும் வலித்தது, பொய் இல்லை.

போக வேண்டாம் என்று உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. நீ பிடிவாதக்காரி, தடுத்தாலும் நிற்க மாட்டாய், நிற்கவும் வேண்டாம். அங்கேயும் நெல்தான் நடுகிறார்கள், சேற்றில் நிற்கும் பெண்களைப் பார்த்தால் பாகூர் மாதிரியே இருக்கிறது என்றாய். அப்படியென்றால் மற்றதும் பாகூர் மாதிரி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போ. போனதும் வட்டம் போட்டு உட்கார வைக்காதே. அவர்களோடு சேர்ந்து நாற்றுப் பிடுங்கு, சமை, சும்மா உட்கார். உனக்காக மொழிபெயர்க்க ஒரு பெண் வருவாள் அல்லவா, அவள் வாயிலிருந்து வரும் வார்த்தையை மட்டும் எதிர்பார்க்காதே, அவளுக்கு என்ன தெரியும் என்று கேள். யார் யாருக்குச் சொந்தம், யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், அடி விழுந்தால் இங்கே ஒரு பெண் எங்கே ஓடுவாள் என்று கேள். கேட்காவிட்டால் அவள் சொல்ல மாட்டாள், உன் அம்மாவும் சொல்லவில்லை. ஓடிப் போய் நிற்க இடம் இல்லாதவளை எந்தக் காரணத்துக்காகவும் எழுந்து பேச வைக்காதே. முதலில் அந்த இடத்தை உண்டாக்கு. அதற்கே உன் வருஷம் முழுக்கச் சரியாகப் போய்விட்டால் போகட்டும், திரும்பி வந்து ஒன்றும் கிழிக்கவில்லை என்று சொல், நான் உனக்குச் சோறு போடுகிறேன். நீ ஃப்ளைட் ஏறிவிடுவாய், அவள் அந்தத் தெருவில்தான் இருப்பாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ அந்த வீடியோவிலிருந்து ஒரு படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாய். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை குருவிநத்தம் போனேன். அந்தத் தெருவில் கால் வைத்து வெகு காலம் ஆகிறது. நிவேதாவைக் காசியம்மாதான் வளர்த்தாள். இப்போது வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தலைக்குக் குளித்துவிட்டு முடியைக் காய வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவின் நெற்றி, அவள் அம்மாவின் மூக்கு. நான் யார் என்று சொல்லிவிட்டு, அழுதுவிடுவாளோ, திட்டுவாளோ என்று பயந்துகொண்டே போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "மடியில இருக்கிறது நானா ஆண்ட்டி?" என்றாள். ஆமாம் என்றேன். அது ஒரு வீடியோ, வெளிநாட்டில் கூட்டங்களில் காட்டுகிறார்கள் என்றும் சொன்னேன். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ இதுல எங்கம்மா பேசுமா?" என்று கேட்டாள்.

பேசும் என்றேன். "எங்க வூட்ல கல்யாண போட்டோ ஒண்ணுதான் கீது. எங்கம்மா கொரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "ஊர்ல ஒலகத்துல இருக்கிறவங்கள்லாம் பாத்துட்டாங்க. நான்தான் பாக்கல." 'அதில் உன் அப்பாவைப் பற்றித்தான் அம்மா பேசுகிறாள், உனக்குக் கஷ்டமாக இருக்கும்' என்று அவளிடம் இழுத்தேன். "தெருவுக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா ஆண்ட்டி? சின்னப் புள்ளையிலேயே தெரியும். நீங்க அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் காசியம்மா உள்ளேயிருந்து வந்து நின்றாள். உடம்பு ஒடுங்கிப்போய்விட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் பேத்தியின் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தாள். படத்தில் மகளுக்குப் பின்னால் சுவரோரம் தானே உட்கார்ந்திருப்பதை, இரண்டு கையும் ஒன்றாகச் சேரப்போவதை, ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்தக் கைதட்டுறத மட்டும் எடுத்துடச் சொல்லு டீச்சரு. அது அவ காதுல வுழ வேணாம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆகவே, நீ அடுத்த வாரம் கிராமத்துக்குப் போகும்போது, பயிற்சியில் உனக்குக் கொடுத்திருக்கும் அந்த வீடியோ உன்னோடு வரக்கூடாது. அதை அங்கே யாருக்கும் காட்டாதே. உன் பயிற்சிக்காரர்களிடம் நடந்ததைச் சொல், நம்ப மாட்டேன் என்றால் என்னிடம் பேசச் சொல். எலின் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து அவளிடமும் சொல், இவ்வளவு காலம் கழித்தாவது அவள் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குப் போய், நிவேதாவுக்கு அதை அனுப்பு. அவள் நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தவள், எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. 'வாங்கிக்கினு இருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி தலையைக் குனிவாள். மடியில் இருக்கும் குழந்தையின் வாயோரம் ஒட்டியிருப்பதை முந்தானையால் துடைத்து விடுவாள். நான் இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பாள். அங்கே வெட்டிவிடு பாப்பா, எங்கள் யார் கையும் எழுவதற்கு முன்னால்.

அம்மா